பினாங்கா, சியாங் மாயா, டா நாங்கா? ஒரு வருஷம் வெளிய போய் இருக்கணும்னா எது சரி

எங்க இருந்து வேணா வேலை பாருங்கன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க, கையில ஓரளவு சேமிப்பு இருக்கு, கொழந்தைங்க ஸ்கூல் போற கட்டம் இன்னும் வரல, இந்த இடைவெளியில ஒரு வருஷம் எங்கயாவது வெளிநாட்டுல போய் நிதானமா இருந்துட்டு வரலாமான்னு யோசிக்குறவங்க இப்ப நெறைய பேர். அஞ்சு நாள் நாலு ராத்திரி பேக்கேஜ்ல போய் பஸ் ஜன்னல் வழியா ஊரப் பாக்குறது இல்ல, அங்க வாடகைக்கு வீடு எடுத்து, மார்க்கெட் போய் காய் வாங்கி, எதிர்வீட்டுக்காரர் பேரு தெரிஞ்சுக்குற அளவுக்கு இருக்குறது. ஐரோப்பால இதைப் பண்ணலாம்னா ஷெங்கன் டூரிஸ்ட் விசால எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாள்தான் இருக்க முடியும், செலவும் இடிக்கும். அதனால சுத்தி சுத்தி தென்கிழக்கு ஆசியாவுக்குதான் வருவாங்க, கடைசியில மூணு ஊர் நிக்கும்: மலேசியால பினாங்கு, தாய்லாந்துல சியாங் மாய், வியட்நாம்ல டா நாங். பாலி ஏன் லிஸ்ட்ல இல்லன்னு கேக்காதீங்க, எனக்கு பிடிக்கல, அவ்ளோதான்.

யூடியூப்ல இந்த மூணு ஊரையும் ஒப்பிடுறவங்க முக்காவாசி பேர் அமெரிக்கா, ஆஸ்திரேலியா பாஸ்போர்ட் வச்சிருக்கவங்க, அவங்களுக்கு காபி விலையும் வைஃபை ஸ்பீடும்தான் பிரச்சனை. நமக்கு முதல்ல விசா, அதுக்கு அப்புறம்தான் காபி. உலகக் குடிமகன்னு நாம சொல்லிக்கலாம், இமிக்ரேஷன் கவுண்டர்ல உக்காந்திருக்கவருக்கு அந்த நீலக் கலர் புக்குதான் தெரியும். அதனால அதுல இருந்தே ஆரம்பிப்போம்.

மலேசியா இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1ல இருந்து 30 நாள் விசா இல்லாம உள்ள விடுறாங்க, இப்போதைக்கு 2026 டிசம்பர் 31 வரைக்கும்னு நீட்டிச்சிருக்காங்க. ஆனா அது சுத்திப் பாக்க. தங்கி வேலை பாக்கணும்னா டி ராந்தாவ் பாஸ்னு ஒண்ணு இருக்கு, 2022 அக்டோபர்ல கொண்டு வந்தாங்க, மலேசிய அரசோட டிஜிட்டல் பொருளாதார ஏஜென்சி எம்டெக்தான் பாத்துக்குறாங்க. 3 மாசத்துல இருந்து 12 மாசம் வரைக்கும் தருவாங்க, அதுக்கு மேல இன்னொரு 12 மாசம் புதுப்பிக்கலாம். சாஃப்ட்வேர், டிசைன், டிஜிட்டல் மார்க்கெட்டிங் மாதிரி டிஜிட்டல் வேலைன்னா வருஷத்துக்கு 24,000 டாலர் வருமானம் காட்டணும், அதாவது நம்ம காசுக்கு 20 லட்சத்துக்கு மேல. மத்த வேலைன்னா 60,000 டாலர், அது நம்மள்ல ரொம்ப கொஞ்சம் பேருக்குதான் ஆகும். ஃபீஸ் ஒருத்தருக்கு 1,000 ரிங்கிட், கூட வர்றவங்களுக்கு தலைக்கு 500. இதுல ஒரு விஷயம் பெரும்பாலானவங்க கவனிக்காம விட்டுடுறாங்க, கூட வர்றவங்கன்னா மனைவி, புருஷன், கொழந்தைங்க மட்டும் இல்ல, அப்பா அம்மாவையும் சேத்துக்கலாம். நம்ம வீடுகள்ல இது சின்ன விஷயமா? அப்பாவுக்கு சுகர், அம்மா தனியா இருப்பாங்கன்னுதானே பாதிப் பேரு இந்த யோசனையையே கைவிடுறாங்க.

தாய்லாந்து 2024 ஜூலைல டிடிவி விசான்னு ஒண்ணு விட்டாங்க. காகிதத்துல பாத்தா மூணுலயும் இதுதான் தாராளம். 5 வருஷம் செல்லும், எத்தனை தடவை வேணா போய் வரலாம், ஒவ்வொரு தடவையும் 180 நாள் இருக்கலாம், உள்ளயே இன்னொரு 180 நாள் நீட்டிக்கவும் கேக்கலாம். வருமானம் இவ்ளோ இருக்கணும்னு கணக்கு இல்ல, ஆனா பேங்க்ல 5 லட்சம் பாட் இருக்குன்னு காட்டணும், நம்ம காசுக்கு 13, 14 லட்சம் வரும், அது நேத்து யாரோ போட்டுவிட்ட பணம் மாதிரி இல்லாம சில மாசமா கணக்குல உக்காந்திருக்கணும். ரிமோட் வேலை இல்லன்னாலும் முவே தாய் குத்துச்சண்டை, தாய் சமையல் மாதிரி கோர்ஸ் சேந்தும் இதுக்கு அப்ளை பண்ணலாம், வேலைய விட்டுட்டு ஒரு பிரேக் எடுக்குறவங்களுக்கு இது நல்ல வழி. தாய்லாந்துக்கு வெளிய இருந்துதான் அப்ளை பண்ணனும். மனைவிக்கு, 20 வயசுக்கு கீழ உள்ள பசங்களுக்கு கூட சேத்து கேக்கலாம், அப்பா அம்மாவுக்கு வழி இல்ல. அவங்க டூரிஸ்டா வந்துட்டுப் போகலாம், 2024 ஜூலைல விசா இல்லாம 60 நாள்னு ஆக்குனாங்க, ஆனா அதைக் குறைக்கணும்னு அப்பப்ப பேச்சு வரும், டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துக்கோங்க.

டிடிவி கைக்கு வந்துட்டா முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. எங்க தங்கியிருக்கீங்கன்னு வீட்டுக்காரர் 24 மணி நேரத்துல இமிக்ரேஷனுக்கு சொல்லணும், டிஎம் 30ன்னு சொல்லுவாங்க, சில வீட்டுக்காரங்க அதெல்லாம் எதுக்குன்னு இழுத்தடிப்பாங்க. வீடு பேசும்போதே டிஎம் 30 போட்டுத் தருவீங்களான்னு கேட்டுடுங்க, மழுப்புனா அடுத்த வீடு பாருங்க. 90 நாளுக்கு ஒரு தடவ நான் இங்கதான் இருக்கேன்னு நீங்களும் ரிப்போர்ட் பண்ணனும்.

வியட்நாம்ல இப்படி தனி பாஸ் எதுவும் கிடையாது. 2023 ஆகஸ்ட் 15ல இருந்து 90 நாள் ஈ-விசா தர்றாங்க, ஒரு தடவை நுழையுறதுக்கு 25 டாலர், பல தடவை போய் வர 50 டாலர், வீட்ல உக்காந்தே அப்ளை பண்ணிடலாம். 90 நாள் முடிஞ்சா வெளிய போகணும், வெளிய இருந்து புதுசா அப்ளை பண்ணி வந்தா உண்டு. லாவோஸ் பார்டர் வரைக்கும் வேன்ல போய்ட்டு திரும்பி வர்றத அங்க ஒரு தொழிலாவே நடத்துறாங்க. டூரிஸ்ட் விசால லேப்டாப் தொறந்து ஆபீஸ் வேலை பாக்குறது சட்டப்படி சரியான்னு கேட்டா சரி இல்ல, யாரும் கண்டுக்குறது இல்லன்றது வேற விஷயம். உங்க கம்பெனி லீகல் டீம் இதைக் கண்டுக்கும், அதை ஞாபகம் வச்சுக்கோங்க.

விசாவ வச்சு மட்டும் பாத்தா சியாங் மாய் முதல், பினாங்கு ரெண்டாவது, டா நாங் கடைசி. ஆனா வருஷம் முழுக்க ஒரே ஊர்ல இருக்கணும்னா அடுத்து பாக்க வேண்டியது காத்து, மழை. இதுல வரிசை மாறிடும்.

சியாங் மாய் நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் சொர்க்கம், காலைல ஸ்வெட்டர் போடுற குளிர், தெளிவான வானம், நவம்பர்ல விளக்குத் திருவிழா. பிப்ரவரி நடுவுல ஒரு நாள் காலைல ஜன்னல் தொறந்தா டோய் சுதேப் மலை லேசா மங்கலாத் தெரியும். மார்ச்ல மலையே இருக்காது, 1,600 மீட்டர் மலை ஊர ஒட்டி நிக்குது, அது கண்ணுக்குத் தெரியாது. மக்காச்சோளக் கொல்லைல மிச்சத்தக் கொளுத்துறது, காட்டுத் தீ, பக்கத்துல மியான்மர் லாவோஸ் பக்கம் எரியுற புகை எல்லாம் வந்து இந்தப் பள்ளத்தாக்குல இறங்கி உக்காந்துக்கும், மழை வந்து கழுவுற வரைக்கும் போகாது. அந்த வாரங்கள்ல உலகத்துலயே காத்து மோசமான ஊர்னு லிஸ்ட்ல சியாங் மாய் முதல் இடத்துக்கு வர்றதெல்லாம் சாதாரணமா நடக்கும். டெல்லி தீபாவளி நேரம்னு நினைச்சுக்கோங்க, ஆனா வாரக்கணக்குல. ஆஸ்துமா இருக்கவங்க, கைக்கொழந்தை வச்சிருக்கவங்க இதைப் படிச்சவுடனே சியாங் மாய் வருஷ பிளானை விட்டுடலாம், ஏர் பியூரிஃபையர் வாங்கி சமாளிக்கலாம்னு சொல்றவங்க பேச்சக் கேக்காதீங்க, ரெண்டு மாசம் ரூமுக்குள்ள அடைஞ்சு கிடக்கவா அவ்ளோ தூரம் போறோம்.

டா நாங்குக்கு பிரச்சனை எதிர்ப்பக்கம். செப்டம்பர்ல ஆரம்பிச்சு டிசம்பர் வரைக்கும் மழை, அக்டோபர் நவம்பர்ல புயலும் வெள்ளமும். 2025 அக்டோபர் கடைசில பக்கத்துல இருக்க ஹோய் ஆன் பழைய டவுனுக்குள்ள படகுல போற அளவுக்கு தண்ணி நின்னுச்சு. ஆனா பிப்ரவரில இருந்து மே வரைக்கும் மூணு ஊர்லயும் இதை அடிச்சுக்க ஆள் இல்ல, மீ கே பீச்ல விடியக்காலைல அஞ்சு மணிக்கெல்லாம் ஊரே குளிக்க வந்துடும், தாத்தா பாட்டிங்க எல்லாம் கடல்ல நின்னுக்கிட்டே ஊர்க்கதை பேசுவாங்க, ஏழு மணிக்கு வெயில் ஏறுனதும் ஒருத்தரும் இருக்க மாட்டாங்க, மணல் மேல நாம மட்டும் நின்னுக்கிட்டு இருப்போம்.

பினாங்கு வருஷம் முழுக்க ஒரே மாதிரி. 31, 32 டிகிரி, வேர்க்கும், சாயங்காலம் திடீர்னு கொட்டும், அரை மணி நேரத்துல நிக்கும். சென்னையில இருந்து போறவங்க மே மாச வெயில்ல இருந்து மட்டும் தப்பிச்சுக்கலாம். சில வருஷம் சுமாத்ரா பக்கம் காடு எரிஞ்சு புகை வரும், 2015, 2019ல நல்லா வந்துச்சு, ஆனா சியாங் மாய் மாதிரி வருஷா வருஷம் தேதி போட்டு வர்றது இல்ல.

இங்க ஒண்ணு கவனிங்க. சியாங் மாய் நாறுற மாசம்தான் டா நாங் நல்லா இருக்குற மாசம், டா நாங் மழைல மூழ்குற மாசம்தான் சியாங் மாய்க்கு சீசன். அங்க நெறைய பேர் இதைத்தான் பண்றாங்க, நவம்பர் டு ஜனவரி சியாங் மாய், பிப்ரவரி டு ஏப்ரல் டா நாங். கேக்க நல்லா இருக்கும். ஆனா மூணு மாசத்துக்கு ஒரு தடவ வீடு மாத்தி, டெபாசிட்டுக்கு சண்டை போட்டு, எந்தக் கடைல நல்ல தயிர் கிடைக்கும்னு மறுபடி முதல்ல இருந்து கண்டுபிடிச்சு, பக்கத்து வீட்டுக்காரர் சிரிக்க ஆரம்பிக்குற நேரத்துல பொட்டி கட்டுறதுக்கு நிதானப் பயணம்னு பேரு வைக்க எனக்கு மனசு வரல.

காசு விஷயத்துக்கு வரேன், இதுல ரொம்ப நேரம் நிக்க வேண்டாம், மூணுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. சியாங் மாய்ல நிம்மான் ரோடு பக்கம் ஒரு பெட்ரூம் காண்டோ, அதாவது அபார்ட்மென்ட் வீடு, 12,000ல இருந்து 20,000 பாட், கொஞ்சம் தள்ளி சாந்திதாம் பக்கம் போனா ஸ்டுடியோ அதுல பாதிக்கு. டா நாங்ல பீச் ஒட்டுன ஆன் தூங் ஏரியால 8ல இருந்து 14 மில்லியன் டாங். பினாங்குல ஜெலுத்தோங், தஞ்சோங் தோகோங் மாதிரி இடத்துல சாமானோட காண்டோ 1,500ல இருந்து 2,500 ரிங்கிட், இதுல ஸ்விம்மிங் பூல் வாட்ச்மேன் எல்லாம் சேத்தி, இடமும் பெருசு, ரெண்டு மூணு பெட்ரூம். மாசம் வாடகை மட்டும் நம்ம காசுக்கு 30,000ல இருந்து 55,000க்குள்ள எங்க வேணா முடியும். சியாங் மாய்ல கவனிக்க வேண்டியது கரண்ட் பில்லு, பல காண்டோல ஓனர் யூனிட்டுக்கு 7, 8 பாட்னு வாங்குவாங்க, அரசு ரேட் கிட்டத்தட்ட அதுல பாதி, ஏசி போட்டுத் தூங்குற ஆளுன்னா மாசக் கடைசில தெரியும். பினாங்குல அட்வான்ஸ் ரெண்டு மாசம், கரண்ட் தண்ணிக்கு அரை மாசம், முதல் மாச வாடகை, இவ்ளோவும் கையில வச்சாதான் சாவி, ஓனர்ங்க பெரும்பாலும் ஒரு வருஷ அக்ரிமென்ட்தான் கேப்பாங்க.

பினாங்கு வீடு தேடுறதுல இன்னொரு கசப்பும் இருக்கு, அதை மறைச்சு எழுத முடியாது. இந்தியர்களுக்கு தர மாட்டோம்னு விளம்பரத்துலயே போடுற ஓனர்ங்க மலேசியால இருக்காங்க, அங்கயே பொறந்து வளந்த தமிழங்களே இதைப் பத்தி வருஷக்கணக்கா புலம்புறாங்க. ஏஜென்ட் ஃபோன்ல முதல்ல கேக்குறதே என்ன இனம்னுதான். முதல் தடவ கேக்குறப்ப சுருக்குன்னு இருக்கும். இந்திய ஏஜென்ட் புடிச்சா வேலை சீக்கிரம் முடியும், பாதி வீடு போய் பாக்குறதுக்கு முன்னாடியே கழிஞ்சுடும், மிச்சம் இருக்குறதுல நல்லதாவே கிடைக்கும். தாய்லாந்துலயும் வியட்நாம்லயும் இந்த மாதிரி மூஞ்சிக்கு நேரா கேக்குறது குறைவு, பாஸ்போர்ட் காப்பியும் அட்வான்ஸும் குடுத்தா சாவி.

சாப்பாடு. அசைவம் சாப்பிடுறவங்களுக்கு மூணுமே விருந்து, தாண்டிப் போயிடலாம். சைவம்னா கொஞ்சம் நில்லுங்க. தாய்லாந்துல மீன் சாஸ் இல்லாத சமையலே கிடையாது, காய்கறி மட்டும் போடுங்கன்னு சொன்னாலும் அதுல நாலு சொட்டு விழுந்துடும். மஞ்சக் கொடில சிவப்பா ஜேன்னு எழுதியிருக்க கடையப் பாத்து போகணும், அங்க மீன் முட்டை மட்டும் இல்ல வெங்காயம் பூண்டுகூட கிடையாது, சியாங் மாய்ல இந்தக் கடைங்க தாராளமா இருக்கு. டா நாங்ல குவான் சாய்னு போர்டு தேடணும். மத்த நாள்ல அந்தக் கடைங்க காத்து வாங்கும், ஆனா அவங்க பஞ்சாங்கப்படி மாசம் முதல் நாளும் பௌர்ணமியும் ஊர்ல பாதிப் பேரு சைவம், அன்னிக்கு மத்தியானம் போனா பிளாஸ்டிக் ஸ்டூல்கூட கிடைக்காது, டோஃபு, காளான், பலாக்காயில எல்லாம் மீன் மாதிரியே கறி மாதிரியே செஞ்சு தட்டுல வரிசையா வச்சிருப்பாங்க, கைய நீட்டிக் காமிச்சா போதும். பினாங்குல இந்தக் கவலையே இல்ல, லிட்டில் இந்தியால வாழை இலைச் சாப்பாடு, சீனக் கோயில் பக்கம் பௌத்த சைவக் கடைங்க, வீட்ல சமைக்கணும்னா கறிவேப்பிலை முருங்கைக்கீரை வரைக்கும் மார்க்கெட்ல இருக்கும்.

இந்த இடத்துலதான் எல்லாரும் கேக்குற கேள்வி வரும். இட்லியும் முருங்கைக்கீரையும் கிடைக்குற ஊருக்குப் போறதுக்கு எதுக்கு வெளிநாடு, இங்கயே மதுரைல இருக்கலாமே? நியாயமான கேள்வி. என்னோட ஒப்பீடு முழுக்க இந்தக் கேள்வியிலதான் நிக்குது, அதனால கொஞ்சம் பொறுமையா சொல்றேன்.

நிதானமா ஒரு ஊர்ல இருக்கறதுன்னா அந்த ஊர் ஆளுங்களோட பேசறதுன்னு எடுத்துக்கிட்டா, பாஷை இல்லாம அது நடக்காது. சியாங் மாய்ல ஒரு வருஷம் இருந்தவங்கள கேட்டுப் பாருங்க, அவங்க ஃப்ரெண்ட்ஸ் யாருன்னு. ஜெர்மனிக்காரர், கனடாக்காரர், பெங்களூருல இருந்து வந்த இன்னொரு ஐடி பையன். எல்லாரும் நல்லவங்கதான், ஆனா தாய்க்காரங்கன்னு கேட்டா காபி ஷாப் பொண்ணு, வீட்டுக்காரம்மா, அதுக்கு மேல சொல்ல ஆள் இருக்காது, அவங்ககூடயும் சிரிப்பும் கைஜாடையும்தான். தாய் பாஷைல அஞ்சு தொனி இருக்கு, வியட்நாமில ஆறு, ஒரு வருஷத்துல விலை கேக்குற அளவுக்கு வரும், ஒரு ஆளோட கவலைய கேக்குற அளவுக்கு வராது. தனியா உக்காந்து படிச்சு பேசுறவங்களும் இருக்காங்க, இல்லன்னு சொல்லல. ஆனா ஆபீஸ் வேலையும் பாத்துக்கிட்டு அதைப் பண்றவங்க ரொம்ப கம்மி.

பினாங்குல காலைல டீக்கடைல போய் நிக்கிறீங்க. பக்கத்துல ஒரு பெரியவர் தே ஓ கோசோங், பாலும் சீனியும் இல்லாத டீ, அதைக் கேட்டுட்டு உங்களப் பாத்து "பசியாறியாச்சா தம்பி"ம்பாரு. ஊரு எந்தப் பக்கம்னு அடுத்த கேள்வி. நீங்க தென்காசின்னு வச்சுக்குவோம், அவ்ளோதான், அவரு பக்கத்து மேசைக்காரர கூப்பிட்டு இவரு கடையநல்லூரு பக்கமாம்ன்னு சொல்லுவாரு, ஏன்னா அந்த ஊர்ல இருந்து கப்பலேறி வந்த முஸ்லிம் குடும்பங்க பினாங்குல தலைமுறை தலைமுறையா இருக்கு. அப்புறம் அரை மணி நேரம் நீங்க நகர முடியாது. தாத்தா எந்த வருஷம் வந்தாரு, துறைமுகத்துல என்ன வேலை பாத்தாரு, பையன் சிங்கப்பூர்ல, பேத்தி தமிழ்ப் பள்ளில படிக்குறா ஆனா வீட்ல இங்கிலீஷ்தான், இந்த வாடகை ஏத்தத்துல ஜார்ஜ் டவுன்ல யாரு இருக்க முடியுதுன்னு எல்லாம் வரும். அவரு பேசுறது நம்ம தமிழ்தான், ஆனா வாழ்க்கை வேற, காசை வெள்ளின்னு சொல்ற, நடுநடுவுல மலாய் விழுற, மூணு இனத்தோட கணக்குப் பாத்துப் பாத்து வாழுற ஒரு ஆளோட வாழ்க்கை. மதுரைல இது கிடைக்குமா?

ஊரும் அப்படித்தான் கட்டியிருக்கு. 1786ல பிரான்சிஸ் லைட் வந்து இறங்குனதுல இருந்து எல்லா நாட்டுக் கப்பலும் வந்து நின்ன துறைமுகம். லெபு குயின்ல 1833ல கட்டுன மகாமாரியம்மன் கோயில், நாலு எட்டு வச்சா கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், அது பக்கத்துல சூலியா தெருவுல நாகூர் தர்கா, அப்படியே திரும்புனா சீனக் குலக்கோயில், எல்லாம் நடந்து பாக்குற தூரம். 2008ல யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரிய இடம்னு சேத்தாங்க. தைப்பூசத்துக்கு மாநிலத்துக்கே லீவு, முதல் நாள் ரதம் போறப்ப வழியெல்லாம் சீனக் கடைக்காரங்களும் குவிச்சு வச்சு தேங்கா உடைப்பாங்க, ரோடு முழுக்க தேங்கா ஓடும் தண்ணியுமா வழுக்கும்.

ஆனா இதுல ஒரு குழி இருக்கு. தமிழ் கிடைச்சிடுச்சேன்னு லிட்டில் இந்தியாவுலயே சுத்திக்கிட்டு இருந்தா பினாங்கையும் பாக்காம வந்துடுவீங்க. தீவுல பெரிய கூட்டம் சீனர்களும் மலாய்க்காரங்களும்தான், கடைத்தெருவுல கேக்குறது ஹொக்கியன்ற சீன பாஷை. நல்ல வேளையா மலாய் ரோமன் எழுத்துல இருக்கு, தொனி கிடையாது, சிங்கம், நகரம், மந்திரி மாதிரி நம்ம காதுக்குத் தெரிஞ்ச சொல்லு நெறைய, ஒரு வருஷத்துல நிஜமாவே பேச வந்துடும். மூணு ஊர்ல உள்ளூர் பாஷைய ஆபீஸ் வேலைக்கு நடுவுல கத்துக்க முடியுற ஒரே ஊர் இதான். இங்கிலீஷும் எங்க போனாலும் ஓடும்.

வியட்நாமுக்கு ஒரு விஷயத்துல மட்டும் நான் இறங்கி வரேன். டா நாங்ல சாம் சிற்ப மியூசியம் இருக்கு, சாம்னா அந்தப் பக்கம் முந்தி ஆண்ட, சிவனைக் கும்பிட்ட மக்கள், 1919ல தொறந்தது, உள்ள போனா லிங்கமும் பிள்ளையாரும் நடனமாடுற பொண்ணுங்களுமா மணற்கல்லுல நிக்கும், மீ சன்ல அவங்க கட்டுன அந்தக் காலத்து செங்கல் கோயில்கள் காட்டுக்குள்ள இருக்கு. நம்ம ஊர் கோயில் பாத்து வளந்தவங்களுக்கு அங்க கிடைக்குற உணர்வு சியாங் மாய்ல முந்நூறு புத்தர் கோயில் சுத்துனாலும் கிடைக்காது. ஆனா அது ஒரு வாரத்து விஷயம், ஒரு வருஷத்துக்கு காரணம் ஆகாது.

வேலை நேரத்தையும் சொல்லிடுறேன், இது முக்கியம், ஆனா யாரும் சொல்றது இல்ல. பினாங்கு நம்மளவிட ரெண்டரை மணி நேரம் முன்னாடி, சியாங் மாயும் டா நாங்கும் ஒன்றரை மணி நேரம். இந்திய டீம்ல வேலைன்னா காலை 9:30 மீட்டிங் பினாங்குல மத்தியானம் 12. காலை முழுக்க உங்களுது, மார்க்கெட் போகலாம், பினாங்கு ஹில் ரயில்ல ஏறி இறங்கிட்டே வரலாம். ஆனா பினாங்குல சூரியன் வர்றதே ஏழு, ஏழே கால் ஆகும், அஞ்சரைக்கு எழுந்து நடக்குற ஆளுக்கு இருட்டுல நடக்கணும். அமெரிக்க கிளையன்ட்னா கதை வேற, இங்க ராத்திரி 8:30 கால் அங்க 11 மணி, வாரத்துல நாலு நாள் அப்படின்னா பினாங்கு உங்கள கொன்னுடும், அந்த ஒரு மணி நேர வித்தியாசத்துக்காகவே சியாங் மாய் பக்கம் போகலாம்.

பைக் ஓட்டுறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்தியால ஆர்டிஓல எடுக்குற இன்டர்நேஷனல் பெர்மிட் 1949 உடன்படிக்கைப்படி வர்றது. வியட்நாம் ஏத்துக்குறது 1968 உடன்படிக்கைப்படி தர்றத மட்டும். வாடகைக்கடைக்காரர் பாஸ்போர்ட்ட வாங்கிட்டு சாவிய நீட்டிடுவாரு, போலீஸ் நிறுத்துனா ஃபைன் கட்டிட்டு வந்துடலாம்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்லுவாங்க, ஆனா விழுந்து கால் உடைஞ்சா இன்சூரன்ஸ் கம்பெனி கேக்குற முதல் கேள்வி லைசென்ஸ். ஹாய் வான் கணவாய்ல பைக் ஓட்டுறதுதான் உங்க கனவுன்னா பின்னாடி உக்காந்து போற டூர் இருக்கு, அதுல போங்க. டா நாங்ல கிராப் ஆப்ல கூப்பிடுற பைக் டாக்ஸி சல்லிசு, தினசரிக்கு அதுவே போதும்.

வரியப் பத்தி ரெண்டு வரி. எந்த ஊரா இருந்தாலும் பாதி வருஷம் ஒட்டுனா வரிக் கணக்குல அந்த ஊர்க்காரர் ஆகிடுவீங்க, தாய்லாந்துல 180 நாள், மலேசியால 182. தாய்லாந்து 2024 ஜனவரில இருந்து வெளிநாட்டு வருமானத்த உள்ள கொண்டு வந்தா வரி உண்டுன்னு விதிய இறுக்கிட்டாங்க. இந்தப் பக்கம், இந்தியால வர்ற வருமானம் 15 லட்சத்துக்கு மேல இருந்து, வேற எந்த நாட்டுலயும் வரி கட்ட வேண்டிய ஆள் நீங்க இல்லன்னா, எங்க சுத்துனாலும் நீங்க இந்திய ரெசிடென்ட்டுன்னு 2020 பட்ஜெட்ல விதி போட்டிருக்காங்க. எந்த ஊருக்கும் வரி கட்டாம உலகக் குடிமகனா திரியலாம்னு யாராவது கோர்ஸ் வித்தா வாங்காதீங்க, அந்தக் காசுக்கு ஒரு நல்ல ஆடிட்டரப் பாருங்க.

சரி, எது? டிஜிட்டல் வேலை, 24,000 டாலர் கணக்கு வருது, கல்யாணம் ஆனவங்க, அப்பா அம்மாவ ரெண்டு மூணு மாசமாவது கூட வச்சுக்கணும்னா யோசிக்கவே வேண்டாம், பினாங்கு. வயசானவங்களுக்கு தமிழ்ல பேசுற டாக்டர் கிடைக்குற ஊரு, இந்தோனேசியால இருந்து கூட்டம் கூட்டமா வந்து வைத்தியம் பாத்துட்டுப் போற அளவுக்கு ஆஸ்பத்திரி வசதி, சென்னையில இருந்து நேரா ஃப்ளைட் 2024 டிசம்பர்ல விட்டாங்க, திருச்சிக்காரங்களுக்கு கோலாலம்பூர் வழி எப்பவும் இருக்கு. சாயங்காலம் அம்மா தனியா கோயிலுக்குப் போய்ட்டு நாலு பேர ஃப்ரெண்ட் புடிச்சுட்டு வந்துடுவாங்க, உங்களுக்கு முன்னாடி அவங்களுக்கு ஊர் பழகிடும்.

இருபத்தஞ்சு வயசு, தனி ஆளு, 24,000 டாலர் இல்ல ஆனா 14 லட்சம் சேத்து வச்சிருக்கேன், இல்ல வேலைய விட்டுட்டு மூச்சு விடணும்னா டிடிவி எடுத்துக்கோங்க. ஆனா சியாங் மாய்ல அக்டோபர் கடைசியில இறங்கி ஜனவரி முடிய கிளம்பிடுங்க, ஆறு மாச அக்ரிமென்ட்ல மாட்டிக்காதீங்க, பிப்ரவரிக்கு மேல அதே விசால தெக்க கடல் பக்கம் இறங்கிடலாம், விசா 5 வருஷம் இருக்கு, அடுத்த நவம்பர் எங்கயும் போயிடாது.

இந்த வாழ்க்கையே நமக்கு ஒத்து வருமான்னு தெரியல, வீட்லயும் இன்னும் ஒத்துக்கல, அப்படின்னா மட்டும் டா நாங். பிப்ரவரில போய் ஏப்ரல் கடைசில வாங்க, செலவு கம்மி, பேப்பர் வேலை கம்மி, பிடிக்கலன்னா யாருக்கும் தெரியாம திரும்பிடலாம். லீவு போட்டுப் போனா இன்னும் நல்லது, விசா விஷயத்துல மனசு உறுத்தாது.

எதுக்குன்னாலும் முதல்ல கேட்டு வாங்க வேண்டியது ஹெச்ஆர் லெட்டர், பினாங்கு பாஸுக்கும் அதான் வேணும், ரிமோட் வேலைன்னு காட்டி டிடிவி கேட்டாலும் அதான் வேணும். அதுல உங்க பதவி, சம்பளம், எத்தனை மாசம் ஒப்பந்தம், இந்தியாவுக்கு வெளிய இருந்து வேலை பாக்க கம்பெனி சம்மதிக்குதுன்னு ஒரு வரி, இவ்ளோவும் இருக்கணும். அந்தக் கடைசி வரியப் போட்டுத் தர ஹெச்ஆர் யோசிப்பாங்க, லீகல்கிட்ட கேக்கணும்பாங்க, அதுக்கே மாசக்கணக்கு ஆகலாம். ஃப்ளைட் விலை பாக்குறத நிறுத்திட்டு இந்த வாரமே மெயில் போட்டுடுங்க.